“உங்களுக்கு விற்க முடியாது”

(நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

வியாபாரியின் வாயில் “இல்லை” என்ற சொல் வரக்கூடாது என்பார்கள். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் உப்பு தீர்ந்துபோனால்கூட “நாளைக் காலையில் வந்துவிடும்” என்றுதான் பதில் வரும். அமெரிக்காவில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி விற்பவர் நிலை வேறு. பணத்தை நீட்டிக்கொண்டு நிற்பவரிடமே “முடியாது” என்று சொல்லும்படி சில வேளைகளில் சட்டம் அவருக்குக் கட்டளையிடுகிறது. அந்த “முடியாது” பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி முதலில் உரிமம், பிறகுதான் கடை. போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து, கையில் உரிமத்தோடுதான் துப்பாக்கிக் கடையின் படியேற முடியும். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தில் வரிசை தலைகீழ். வாங்குபவர் கடைக்குப் போகிறார், பிடித்ததை எடுத்துப் பார்க்கிறார், இதுதான் வேண்டும் என்கிறார். விசாரணை அதற்குப் பிறகு, அந்தக் கவுன்ட்டரிலேயே நடக்கிறது. நம் ஊரில் அதிகாரி சொல்லும் மறுப்பை அங்கே கடைக்காரர் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கவுன்ட்டரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். படிவம் 4473 என்று ஒன்று. வாங்குபவரே நிரப்ப வேண்டும். ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரா? குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா? மனநல மருத்துவமனைக்கு நீதிமன்றம் அனுப்பியதுண்டா? “நீங்கள் தலைமறைவுக் குற்றவாளியா?” என்றுகூட ஒரு கேள்வி இருக்கிறது. ஆமாம் என்று எழுதிவிட்டு அங்கேயே நிற்கும் தலைமறைவுக் குற்றவாளியை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்!

பிறகு கடைக்காரர் தொலைபேசியிலோ கணினியிலோ விவரங்களை அனுப்புகிறார். பல மாநிலங்களில் அது மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் உள்ள எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குப் போகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். விற்கலாம், பொறு, விற்காதே: மூன்றில் ஒன்று. “விற்காதே” என்று வந்தால் காரணம் சொல்லப்படுவதில்லை. எதிரில் நிற்பவர் முகம் சிவந்து “ஏன்?” என்று கேட்கிறார். கடைக்காரருக்கு உண்மையிலேயே தெரியாது. மேல்முறையீடு செய்யும் வழியைச் சொல்லிவிட்டு, துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைக்கிறார். மறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி என்று வேறொருவர் பாவத்தைச் சுமப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் விண்ணப்பித்துத் தனக்கென்று ஓர் அடையாள எண் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு எளிதில் வந்துவிடவில்லை. 1963இல் அதிபர் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி, பொய்ப் பெயரில் அஞ்சல் வழியாக வாங்கப்பட்டது. 1968இல் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது; ஆனால் வாங்குபவர் தன்னைப் பற்றி எழுதிக் கொடுப்பதைச் சரிபார்க்க நாடு முழுவதற்குமான வழி எதுவும் இல்லை. 1981இல் அதிபர் ரீகனைச் சுட்டபோது அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயர் தாங்கிய சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டபோது 1993 ஆகியிருந்தது. இன்றுள்ள உடனடிச் சரிபார்ப்பு 1998 நவம்பரில் தொடங்கியது.

இனி என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் மறுத்துவிட்டார். மறுக்கப்பட்டவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறார். எங்கே போகிறார்?

டெக்சாஸில் ஒருவர் 2014இல் துப்பாக்கி வாங்கப் போனார். மனநலம் தொடர்பான நீதிமன்ற முடிவு ஒன்று பதிவில் இருந்ததால் மறுக்கப்பட்டார். சட்டம் சொன்னதைக் கடை செய்தது. 2016இல் அவர் ஒரு தனிநபரிடம் துப்பாக்கி வாங்கிக்கொண்டார். துப்பாக்கி விற்பதைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் தன்னுடையதை இன்னொருவருக்கு விற்றால், கூட்டாட்சிச் சட்டம் சரிபார்ப்பைக் கேட்பதில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லண்ட், ஒடெஸா நகரங்களின் சாலைகளில் காரில் போய்க்கொண்டே அவர் சுட்டதில் 7 பேர் இறந்தார்கள். விற்ற மனிதர் உரிமமில்லாமல் வியாபாரம் செய்தவர் என்று பிறகு நிறுவப்பட்டது. இரண்டாண்டுச் சிறை கிடைத்தது.

படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது கடுங்குற்றம். அப்படியானால் மறுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் மீது வழக்கு வந்தது? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017 நிதியாண்டை எடுத்துப் பார்த்தது. கூட்டாட்சி அமைப்பு மறுத்தவை ஏறத்தாழ 1,12,000. விசாரணைக்குப் போனவை ஏறத்தாழ 12,700. கூட்டாட்சி அரசு வழக்கு நடத்தியவை 12. பன்னிரண்டாயிரம் இல்லை, வெறும் பன்னிரண்டு. மறுப்பு நடந்தால் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறைக்கு எஃப்.பி.ஐ. தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2022இல்தான் வந்தது.

நேராகப் போனால் கிடைக்காதவர் வேறு ஆளை அனுப்புவதும் உண்டு. நமக்கு நன்கு பழக்கமான சொல்லில் சொன்னால், பினாமி. காதலியோ நண்பரோ சுத்தமான பதிவோடு வந்து படிவம் நிரப்புவார். எந்தத் துப்பாக்கி வேண்டும் என்று கைகாட்டியவர் பின்னால் நின்றுகொண்டிருப்பார். இதைப் பிடிக்கக் கணினியால் முடியாது. கடைக்காரரின் கண்ணால்தான் முடியும்.

“பொறு” என்ற பதில் வரும்போதும் முடிவு கடைக்காரர் கையில்தான். பொதுவாக மூன்று வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்கிறது சட்டம். விற்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2015இல் தென் கரோலினாவில் ஓர் இளைஞனின் கைது ஆவணத்தைத் தேடிய அலுவலர் தவறான மாவட்டத்தைத் தொடர்புகொண்டார். நாட்கள் ஓடிவிட்டன, துப்பாக்கி கைமாறியது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் பைபிள் வகுப்புக்கு வந்திருந்த ஒன்பது பேரை அவன் கொன்றான். அவனுக்குத் துப்பாக்கி கிடைத்திருக்கக் கூடாது என்று எஃப்.பி.ஐ. இயக்குநரே ஒப்புக்கொண்டார். “விற்கலாம்” என்ற சொல் வரும்வரை விற்பதில்லை என்று வால்மார்ட் வைத்திருக்கும் விதியைப் பார்க்கும்போது, எல்லாக் கடைகளும் அப்படி இருந்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

மிசௌரியில் ஒரு தாய், 2012இல். மகளுக்குக் கடுமையான மனநோய். தாய் கடைக்குத் தொலைபேசியில் பேசி, மகளின் பெயர், விவரம் எல்லாம் சொல்லி, “என் மகளுக்கு விற்றுவிடாதீர்கள்” என்று கெஞ்சினார். மகள் சரிபார்ப்பில் தேறிவிட்டாள், கடை விற்றது. சிறிது நேரத்தில் அவள் தன் தந்தையைச் சுட்டுக் கொன்றாள். கடை மீது தாய் வழக்குத் தொடரலாம் என்று 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. முடிவில் 22 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

நியூ ஹாம்ப்ஷயரில் 2009இல் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் தங்களையே சுட்டுக்கொண்டு இறந்தார்கள். விற்பனையில் சட்டமீறல் எதுவும் இல்லை. கடைக்காரர் அப்படிச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளவில்லை. பொதுச் சுகாதாரத் துறையினரோடு உட்கார்ந்து, மற்றக் கடைகளுக்குமான ஒரு குறிப்பை உருவாக்கினார். கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் என்ன கவனிக்க வேண்டும் என்பதுதான் அது. வந்தவருக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் ஆர்வமில்லை. சமீபத்தில் வேலை போனதையோ மணமுறிவையோ பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார். எப்படித் துடைப்பது, எப்படிப் பாதுகாப்பது என்று கேட்பதில்லை. அதிகத் தோட்டா வேண்டாம், கொஞ்சம் போதும் என்கிறார்.

அப்போது கடைக்காரர் துப்பாக்கியைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, “இன்று விற்க முடியாது” என்று சொல்லலாம். கணினி “விற்கலாம்” என்று காட்டியிருந்தாலும் சொல்லலாம்.