யார் ஊற்றுவது?

நண்பர்களே, இறந்த உடலை உறைய வைத்துப் பின்னாளில் எழுப்பலாம் என்று பேச்சு எடுத்தாலே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எழுப்ப முடியுமா?" இன்றுவரை யாரையும் எழுப்பியதில்லை, நாய் பூனையைக்கூட இல்லை. சரி, எழுப்புகிற நாள் வரும் என்றே வைத்துக்கொள்வோம். அதுவரை பார்த்துக்கொள்வது யார்? என் கவலை அதுதான்.

கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியர், 1967 ஜனவரி 12 அன்று புற்றுநோயால் இறந்தார். வயது 73. உறைய வைக்கப்பட்டு இன்றைக்கும் அப்படியே இருப்பவர்களில் முதல் ஆள் அவர்தான். மனைவியும் மகனும் அவர் உடல் இருந்த கலனை இடம் மாற்றி இடம் மாற்றிக் காப்பாற்றினார்கள். 1982இல், இந்த வேலைக்கென்றே இருக்கும் ஆல்கோர் நிறுவனம் பொறுப்பேற்றது. 1991இல் புதுக் கலனுக்கு மாற்றத் திறந்தபோது, அன்று உடலோடு வைத்த ஐஸ் துண்டுகள் முனை மழுங்காமல் இருந்தன. 24 வருஷமாக உருகவேயில்லை! அந்தக் குடும்பத்தை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அதே கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்து நிலவறையில் உறைய வைக்கப்பட்ட ஒன்பது பேர் இருந்தார்கள். குழந்தைகளும் உண்டு. பணம் வருவது நின்றது, கலன்கள் கெட்டன. 1979இல் விஷயம் வெளியே வந்தபோது அத்தனை உடல்களும் எப்போதோ உருகிவிட்டிருந்தன.

கலன் என்றால் என்ன? ஆளுயரத்தைத் தாண்டிய காபி பிளாஸ்க் மாதிரிதான். கரண்ட் வேண்டாம். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். அது மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். விடாமல் ஊற்ற வேண்டும். உடல்களைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள். ஊற்றுகிறவர் தவறி மட்டம் இறங்கினாலும் முதலில் கால்தான் வெளியே வரும். மூளை கடைசிவரை மூழ்கியிருக்கும். ஊற்றுகிற கை ஒருநாள் ஓயலாம் என்பதை நினைத்தே செய்த ஏற்பாடு இது.

மிச்சிகனில் ராபர்ட் எட்டிங்கர் 1976இல் தொடங்கிய கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டில், மனிதர்களோடு நூற்றுக்கு மேற்பட்ட செல்லப்பிராணிகளும் இருக்கின்றன. மனிதருக்கு ஒரே தடவையாகக் குறைந்தது 28,000 டாலர் கட்ட வேண்டும். அதில் மிஞ்சுவதை முதலீடு செய்து, வருமானத்தில் நைட்ரஜன் வாங்குகிறார்கள். நாயை ஒப்படைத்தவர் போன பிறகும் நாய்க்கு ஊற்றியாக வேண்டும் அல்லவா?

1977இல் அங்கே முதலில் வைக்கப்பட்டவர் எட்டிங்கரின் அம்மா. அப்புறம் அவருடைய இரண்டு மனைவியர். 2011இல், 92 வயதில், அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த நாலு பேருக்கும் இப்போது வேறு யாரோ ஊற்றுகிறார்கள்.