உதடு மரத்த கதை, வயிறு மரத்த கதை

வணக்கம் மக்களே. என் வாய் கோணலாகத் தெரிகிறதா? கேமரா கோளாறு இல்லை. காலையில் கீழ்க் கடவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால். பதினொரு மணிக்குப் போட்ட ஊசி, இப்போது மணி இரண்டு, இடது பக்க உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வந்ததும் வராததுமாக டீ குடித்தேன். பாதி டீ சுடிதாரில். அத்தை சிரித்த சிரிப்பைப் படம் பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

ஆனால் இன்று நான் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன், அதைச் சொல்லத்தான் கேமராவையே எடுத்தேன். பல் டாக்டர் வழக்கம்போல வலி மாத்திரை எழுதினார், அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. “டாக்டர், எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது” என்றேன். “இந்த வயதிலேயே ஹார்ட்டில் பிரச்சினையா?” என்றார். “ஹார்ட் இல்லை டாக்டர், இரைப்பை.” உடல் எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன் அது. ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வெறும் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். புரூஃபன், டைக்ளோஃபெனாக், இந்த அசிக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே கூட்டம். இரைப்பையையும் குடலையும் தைத்து இணைத்த இடத்தில் புண் வரவைக்கும். இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் பர்ஸில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, அந்த மாத்திரை ஆகாது. அப்படியென்றால் பைபாஸ் ஆபரேஷன் வலிக்கு மார்ஃபின் மாதிரி பலமான வலி மருந்தைத் தாராளமாகக் கொடுக்கலாமே என்பீர்கள். என் குறட்டை உங்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர் ‘கூட்ஸ் வண்டி’ என்று பட்டம் வைத்த கதையைச் சொல்லியிருக்கிறேன். அது வெறும் குறட்டை இல்லை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. ஆபரேஷன் சமயத்தில் நான் 118 கிலோ. அப்படிப்பட்ட ஆளுக்கு அந்த மருந்தை அதிகம் கொடுத்தால் மூச்சு இன்னும் மந்தமாகும். குமட்டலும் வரும். புதிதாகத் தையல் போட்ட இரைப்பையோடு வாந்தி எடுப்பது யாருக்கு வேண்டும்?

அதனால்தான் அந்த ஆபரேஷனிலும் மரத்துப்போகும் ஊசி. முழு மயக்கம் தனி, அது எனக்கும் உண்டு. அதற்கு மேல், கேமராவும் கருவிகளும் நுழைந்த ஐந்து துளைகளைச் சுற்றியும் புபிவகைன் என்ற மருந்தைப் போட்டார்கள். பல்லுக்குப் போடும் லிக்னோகைனுக்கு இது அண்ணன் முறை, இன்னும் நீண்ட நேரம் நிற்கும். கண் விழித்துத் தொட்டுப் பார்த்தால் வயிற்றில் என் கை படுவது கைக்குத்தான் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. இப்போது இந்த உதடு இருக்கிற மாதிரியேதான். நாலைந்து மணி நேரம் அப்படியே இருந்தது. அதற்குள் என்னை எழுப்பி வராந்தாவில் நடக்கவைத்துவிட்டார்கள். கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்க சீக்கிரம் நடந்தாக வேண்டும், வலித்தால் யார் நடப்பார்கள்?

போன வீடியோவில் ஒருவர், ‘இந்த ஊசியெல்லாம் போட்டால் நரம்பு செத்துவிடும்’ என்று எழுதியிருந்தார். அண்ணா, நரம்பில் வலிச் செய்தி ஓடுவதற்குச் சோடியம் உள்ளே போகும் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. மருந்து அந்த வாசலைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கிறது. பிறகு ரத்தத்தில் கலந்து போய்விடும், வாசல் திறந்துவிடும். அவ்வளவுதான். லிக்னோகைன் கதையே நாக்கில்தான் ஆரம்பித்தது தெரியுமா? 1930களில் ஸ்வீடனில் ஒரு வேதியியல்காரர் தான் தயாரித்த பொருளை ருசி பார்க்க, நாக்கு மரத்துப்போனது. அந்த வழியிலேயே போய் 1943இல் லிக்னோகைனைக் கண்டுபிடித்தார்கள். புபிவகைனும் ஸ்வீடன்தான், 1957.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். அன்று நர்ஸ் அக்கா திரும்பத் திரும்ப வந்து, “உதட்டைச் சுற்றி மதமதப்பாக இருக்கிறதா? காதில் ஏதாவது சத்தம்? வாயில் இரும்பு ருசி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வயிற்றில் ஊசி போட்டுவிட்டு உதட்டை ஏன் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறிப் போனால் முதலில் தெரிவது அங்கேதானாம். அதையும் தாண்டினால் வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. அதற்கு மாற்று மருந்து வெள்ளையாகப் பால் மாதிரி இருக்கும் கொழுப்புக் கரைசல், ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். அந்த நிலைமை வராமல் இருக்கத்தான் அளவு. கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தாலும் என் 118ஐப் பெருக்கமாட்டார்கள், என் உயரத்துக்கு இருக்க வேண்டிய 55ஐத்தான் பெருக்குவார்கள். 236 எங்கே, 110 எங்கே!

இனி என் கோபம். வயிறு வலிக்கவில்லை, தோள்பட்டை வலித்தது! வலது தோள், கத்தி சொருகின மாதிரி. முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்துவிட்டேன். வயிற்றை உப்பவைக்க கார்பன் டை ஆக்சைடு ஏற்றுகிறார்கள் அல்லவா, அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை எரிச்சலூட்டும். அந்தத் தசைக்குப் போகும் நரம்பும் தோளுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், மூளை இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறது. தோலில் போட்ட ஊசி இதைத் தொடாது. சிலர் வயிற்றுக்குள்ளேயும் அதே மருந்தைத் தெளிப்பார்கள். முதல் சில மணி நேரம் கொஞ்சம் குறையலாம் என்கிறார்கள், எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை. எனக்கு வெந்நீர்ப் பையும் நடையும்தான் கை கொடுத்தன.

அப்புறம் பில். மரத்துப்போகும் மருந்துக்கு எவ்வளவு போட்டிருப்பார்களோ என்று பயந்து பார்த்தால், அது சொற்பம். அதற்கு இரண்டு வரி கீழே, ‘அளவுக் குவளை, 30 மில்லி, 85 ரூபாய்’. குவளையா அது? இருமல் மருந்து பாட்டிலுக்கு மேலே சும்மா கவிழ்த்துத் தருவார்களே, அதே பிளாஸ்டிக் மூடி! கால் மணிக்கு ஒரு முறை அதில் தண்ணீர் குடிக்க வேண்டும், சரி. நான் வீட்டிலிருந்து நாலு மூடி கொண்டுவந்திருப்பேனே? பில்லிங் கவுன்டரில் பத்து நிமிடம் நின்றேன். “செட் மேடம், தனியாக எடுக்க முடியாது” என்றார்கள். என்ன செட்? ஒரு மூடி! அதில்தான் இன்றைக்கும் ரசம் குடிக்கிறேன், 85 ரூபாய் ஆயிற்றே.

இருங்கள், இருங்கள். இதோ கடித்துப் பார்த்தேன், சுருக்கென்றது. உதடு வந்துவிட்டது. ஆ... கூடவே பல்லும் வருகிறது. அத்தை, அந்தப் பாராசிட்டமாலைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள். தண்ணீர் அந்த மூடியில்!