அழுதவர் ஒருவர் ஆஸ்பத்திரி கட்டினார்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"சாதனையாளர்களை உருவாக்கியது அறிவா, அன்பா?" இதுதான் தலைப்பு. அன்பே என்பது எங்கள் அணி. எதிரணித் தோழர் ராமானுஜனின் கணக்கைச் சொன்னார், சி.வி.ராமனின் நோபல் பரிசைச் சொன்னார். சரி, நாங்களும் கைதட்டினோம். அப்புறம் போகிற போக்கில் ஒன்று கேட்டாரே: "வீட்டுக்கு வீடு அழுகிறார்கள். அழுதவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியா கட்டினார்கள்?"

ஐயா, ஒருவர் கட்டினார்!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டைப் பெண். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டரானவர். அறிவுக்கு என்ன குறை? 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அக்கா டாக்டர். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. தோழரே, நீங்கள் சொன்ன அறிவு அங்கே கைகட்டி நின்றது!

அக்கா அழுதார். நாம் எத்தனை நாள் அழுவோம்? பதினாறாம் நாள் காரியம் வரை? வருஷத் திதி வரை? 1927-ல் சென்னைச் சட்டசபைக்குள் முதல் பெண்ணாகப் போனார், துணைத் தலைவரும் ஆனார். சரி, இனித் தங்கையை மறந்திருப்பார். இல்லை! 1930-ல் போக்கிடம் இல்லாமல் வந்த மூன்று பெண்களை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். இப்போதாவது மறந்திருப்பாரா? இல்லை! தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், சட்டம் வர 1947 ஆயிற்று. அப்போதும் மறக்கவில்லையே! 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். மொத்தம் 12 படுக்கை. அவருக்கு வயது 67.

தாய்மார்களே, விரல்விட்டு எண்ணுங்கள். 1923... 1954. தங்கைக்காக விட்ட கண்ணீர் 31 வருஷம் காயவே இல்லை!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் என்றதும் அந்த அடையாறு ஆஸ்பத்திரிக்குத்தான் என் அம்மா கூட்டிக்கொண்டு ஓடினார். வராந்தாவில் அக்கா கையைப் பிடித்தவர் விடவே இல்லை. முத்துலட்சுமி அம்மாவால் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் என் அம்மா தன் அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

பெரியம்மா, கொஞ்சம் எழுந்திருங்கள். மூன்றாவது வரிசை, பச்சைப் புடவை. பக்கத்தில் அவர் கையைப் பிடித்திருப்பவர்தான் என் அம்மா.