ஒன்றையும் வீழ்த்தாத சண்டை விமானம்

அவையில் உள்ள அனைவருக்கும் மாலை வணக்கம். தலைவர் என்னை அறிமுகம் செய்யும்போது, ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் சண்டை விமானம் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டார். கோபித்துக்கொள்ளக் கூடாது. அதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. நான் பேச வந்தது பூமராங். இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியா தானே வடிவமைத்துக் களத்துக்கு அனுப்பிய சண்டை விமானம் அது. மொத்தம் 250 செய்தார்கள். போர் முடியும்வரை வானில் ஓர் எதிரி விமானத்தைக்கூட அது வீழ்த்தியதாக உறுதியான பதிவு இல்லை.

சிரிக்கிறீர்கள். முதலில் படித்தபோது நானும் சிரித்தேன்.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியபோது, ஆஸ்திரேலிய மண்ணில் நவீனச் சண்டை விமானம் என்று ஒன்றுகூட இல்லை. கேட்டால் உடனே கொடுக்கும் நிலையில் பிரிட்டனும் இல்லை. கையிலிருந்தது விர்ராவே, இருவர் உட்காரும் பயிற்சி விமானம். 1942 ஜனவரி 20 அன்று, நியூ கினிக்குப் பக்கத்துத் தீவில் உள்ள ரபாவுலில் எட்டு விர்ராவேக்கள், நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்களை எதிர்த்து மேலே ஏறின. சில நிமிடங்களில் கதை முடிந்துபோனது.

மெல்போர்னில் ஃபிஷர்மன்ஸ் பெண்ட் என்ற இடத்தில் இருந்தது விர்ராவே செய்த தொழிற்சாலை. அதன் மேலாளர் லாரன்ஸ் வாக்கெட், "இருப்பதை வைத்துச் செய்வோம்" என்ற வழியைப் பிடித்தார். நான் முப்பது வருஷம் பட்டறையில் நின்றவன். ஒரு பாகத்தை வெட்டி எடுப்பது சுலபம். அதைப் பிடித்து நிறுத்தும் ஜிக், ஃபிக்சர் செய்து முடிப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். விர்ராவேயின் இறக்கை, வால், சக்கர அமைப்பு ஆகியவற்றிலிருந்து முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டால் அந்த வேலையில் பாதி குறைந்துவிடும். எஞ்சினும் வீட்டிலேயே இருந்தது: போஃபோர்ட் குண்டுவீச்சு விமானத்துக்காக ஆஸ்திரேலியாவிலேயே செய்துகொண்டிருந்த 1,200 குதிரைத்திறன் ட்வின் வாஸ்ப்.

வடிவமைத்தவர் ஃபிரெட் டேவிட். ஆஸ்திரிய யூதர். ஜெர்மனியில் ஹைன்கெல் நிறுவனத்திலும், பிறகு ஜப்பானிலும் விமானம் வடிவமைத்துவிட்டு அகதியாக வந்து சேர்ந்தவர். எதிரிகளின் விமானம் எப்படிச் செய்யப்படுகிறது என்று உள்ளே இருந்து பார்த்த மனிதர். ஆனால் அரசாங்க ஏட்டில் அவரே எதிரி நாட்டவர்!

பீரங்கிக்கு இன்னொரு கூத்து. 20 மில்லிமீட்டர் ஹிஸ்பானோ பீரங்கியை அந்த நாட்டில் யாரும் செய்ததில்லை. மத்திய கிழக்குப் போர்முனையிலிருந்து யாரோ நினைவுப் பொருளாகக் கொண்டுவந்த ஒன்று கிடைத்தது என்பார்கள். அதைப் பிரித்துப் போட்டு அளந்து, பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். விமானத்துக்கு இரண்டு பீரங்கி, கூட நான்கு இயந்திரத் துப்பாக்கி.

1942 பிப்ரவரியில் 105 விமானங்களுக்கு உத்தரவு. மே 29இல் முதல் விமானம் பறந்துவிட்டது. நான்கு மாதம்கூட ஆகவில்லை.

வேகத்தில்தான் அடி. மணிக்குச் சுமார் 490 கிலோமீட்டர். ஜப்பானின் ஜீரோ சண்டை விமானத்தைத் துரத்திப் பிடிக்க அது போதாது. 15,000 அடியைத் தாண்டினால் மூச்சு வாங்கும். 1943 மே மாதம் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைப் பக்கம் மூன்று ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்ப்பட்டன. சுட்டார்கள், மூன்றும் தப்பிப் போயின. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தின டிசம்பரில் நியூ கினியில் ஒரு விர்ராவே ஜப்பானியச் சண்டை விமானம் ஒன்றை வீழ்த்தியிருந்தது. தாய் செய்ததைப் பிள்ளை செய்யவில்லை.

பிறகு தரைப்படைக்குத் துணையாக அனுப்பினார்கள். அங்கேதான் பூமராங் தன் வேலையைக் கண்டுபிடித்தது. கீழே தாழப் பறந்தால் உயரத்துக் குறை குறையே இல்லை. உடம்பு குட்டை, சட்டென்று திரும்பும், அடி தாங்கும். நியூ கினிக்குக் கிழக்கே உள்ள போகன்வில் தீவின் காட்டை நினைத்துப் பாருங்கள். மரக்கூரைக்குக் கீழே மண்ணும் கட்டையும் போட்டு மூடிய பதுங்குகுழி. முப்பது கஜத்தில் நிற்கும் சிப்பாய்க்கே தெரியாது. பூமராங் மர உச்சியை உரசுகிற மாதிரி இரண்டு சுற்று சுற்றும், சந்தேகப்பட்ட இடத்தில் சுட்டுப் பார்க்கும், பிறகு ஒரு புகைக்குண்டைப் போட்டுவிட்டு விலகும். பச்சைக்கு நடுவே புகை எழும். மேலே காத்திருக்கும் நியூசிலாந்தின் கோர்செயர் சண்டை விமானங்கள் அந்தப் புகையைப் பார்த்துக் குண்டு போடும்.

ஆபத்து எதிரியிடமிருந்து மட்டும் வரவில்லை. வட்ட மூக்கும் குட்டை உடம்பும் தூரத்திலிருந்து ஜப்பானிய விமானம் போலவே இருந்ததால், சொந்தப் பக்கத்துத் துப்பாக்கிகளே அதைச் சுட்டதுண்டு. வாலுக்கு வெள்ளை அடித்து அடையாளம் காட்ட வேண்டியிருந்தது.

நியூ சவுத் வேல்ஸில் டெமோரா என்ற ஊரில் ஒரு பூமராங்கைப் பறக்கும் நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். சிட்னியில் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள் இந்த அவையில் நாலு பேராவது இருப்பீர்கள். ஒருநாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.