கேம் ரசிகர்கள் கபுகி பார்க்கப் போனபோது

வணக்கம் நேயர்களே. ஜப்பானின் பழைய நாடகக் கலையான கபுகி என்றதும் வெள்ளை பூசிய முகம், அதன்மேல் சிவப்புக் கோடுகள், கனத்த பட்டு உடை, இதெல்லாம்தான் கண்முன் வரும். வீடியோ கேம் வராது. அதனால்தான் ‘ஃபைனல் ஃபேன்டசி 10’ விளையாட்டைக் கபுகியாக மேடையேற்றப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் கேம் ரசிகர்கள் பலருக்குச் சிரிப்பு வந்தது. கதாநாயகன் டீடஸ் கபுகி வேஷத்தில் நிற்கும் படத்தைப் பார்த்து நானும்தான் சிரித்தேன்.

நாடகம் 2023 மார்ச், ஏப்ரலில் டோக்கியோவின் டொயோசு பகுதியில் நடந்தது. அந்த அரங்கே ஒரு விசித்திரம், சுற்றிலும் மேடை, நடுவில் சுமார் 1,300 பேர் உட்கார்ந்திருக்கும் தளம் மொத்தமாகச் சுழலும்படி இருந்தது. இரண்டு பாகங்களையும் இடைவேளைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 9 மணி நேரம், மதியம் உள்ளே போனவர் வெளியே வர இரவாகிவிடும்.

வந்த கூட்டத்தில் இரண்டு வகை. 2001-ல் பிளேஸ்டேஷன் 2-ல் இதை விளையாடி அழுதவர்கள் ஒரு பக்கம், இப்போது அவர்களுக்கு முப்பது, நாற்பது வயது, பலர் அதுவரை கபுகி அரங்குக்குள் கால் வைத்ததே இல்லை. இன்னொரு பக்கம் நடிகருக்காகவே வரும் பழைய கபுகி ரசிகர்கள், இவர்களுக்குக் கதையில் ஒரு பெயர்கூடத் தெரியாது. டீடஸாக நடித்து, முயற்சியையே முன்னின்று நடத்திய, அப்போது ஓனோவே கிக்குனொசுகே என்ற பெயரில் இருந்த கபுகி நடிகர் இரண்டு பக்கமும் தெரிந்தவர், தானே அந்த விளையாட்டின் ரசிகர். ஆரம்பத்திலேயே கதையில் வரும் வியாபாரிப் பாத்திரம் ஒன்று வந்து, நடிகர் விறைத்து நின்று முறைக்கும் ‘மியே’ வரும்போது கை தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறது. புதிதாக வந்தவர்களுக்குப் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விட்டது.

அப்புறம் கதாநாயகி யூனா. பெண் வேடமிட்டவர் நகாமுரா யோனெக்கிச்சி என்ற ஆண் நடிகர், கபுகியில் அதுதான் வழக்கம். இறந்தவர்களின் ஆவியை யூனா நடனமாடி வழியனுப்பும் காட்சி கேமிலேயே உண்டு. கபுகியின் உயிரே நடனம்தானே, அதைத் தனியாகப் புகுத்த வேண்டிய வேலையே இல்லை. வீடியோ பதிவில் பார்த்த எனக்கே அங்கே சிரிப்பு அடங்கிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம் அப்பா-மகன் சண்டை. புகழ்பெற்ற தகப்பன் ஜெக்ட், அவனை வெறுத்துக்கொண்டே அவன் நிழலில் வளரும் டீடஸ். தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் போட்ட அதே வேஷத்தைப் போட்டு வாழ்கிற நடிகர்கள் இதை நடித்தால் அதற்கு வேறொரு கனம் வருகிறது. கேம் தெரிந்தவர்கள் முடிவு தெரிந்தே அழுதார்கள், தெரியாதவர்கள் கதைக்காக அழுதார்கள்.

கபுகியைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு ஒன்று. ‘சுஷிங்குரா’ என்ற நாடகம் இன்று கபுகியின் பெருமை, ஆனால் 1748-ல் அது பொம்மலாட்டமாகத்தான் முதலில் வந்தது, ஊரே பேசியது, அதே ஆண்டு கபுகிக்காரர்கள் அதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். மக்கள் எதைக் கொண்டாடினாலும் தூக்கிக்கொண்டு போவது இவர்களுக்குப் பழைய தொழில்.

எனக்கும் ஒரு குறை உண்டு. பின்னால் அத்தனை பெரிய திரையில் கேம் காட்சிகள் ஓடும்போது முன்னால் நிற்கும் மனிதன் சின்னதாகிவிடுகிறான். சில இடங்களில் திரையை அணைத்துவிட்டு நடிகரை நம்பியிருக்கலாம். கேம் ரசிகர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சரி, அவர்களுக்கு அந்தக் காட்சிகள்தான் ஞாபகம்.

அதே ஆண்டு ஜூலையில் ‘டோக்கென் ரான்பு’ என்ற இன்னொரு கேமும் கபுகியானது, டோக்கியோவின் ஷிம்பாஷி என்புஜோவில். அதை முன்னின்று செய்தவர் ஓனோவே மட்சுயா, டொயோசுவில் வில்லன் சீமோராக நடித்தவர். இந்த முறை அறிவிப்பு வந்தபோது அவ்வளவு பேர் சிரித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.