திண்ணைக்கு வரட்டும் பாடம்

(முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

'மனநல விழிப்புணர்வு முகாம்' என்று பேனர் கட்டினால் யார் வருவார்கள்? கூட்டிவந்த கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். வரவேண்டியவர் வரமாட்டார். மகளுக்கு வரன் பார்க்கிற வீடென்றால் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், பாடம் பீடி சுற்றும் திண்ணைக்கு வரட்டும். தொண்ணூறுகளில் எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் அப்படித்தானே வேலை செய்தது? உள்ளூர்ப் பிள்ளைகளே வாத்தியார், வேலை முடிந்த பிறகு வகுப்பு.

திண்ணையில் நாலைந்து பேர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கை இலையை வெட்டும், தூளைப் போட்டுச் சுருட்டும், நூலைக் கட்டும். வாய் சும்மாதான் இருக்கும். தினமும் ஆயிரம் பீடி சுற்றியவள் இப்போது பாதிகூட முடிக்கவில்லை, நனைத்த இலை அப்படியே காய்ந்து கிடக்கிறது என்பது டாக்டருக்கு முன்னால் உங்களுக்குத்தான் தெரியும். 'அவளுக்குச் சோம்பல்' என்று பேசிவிட்டுப் போய்விடுகிறோம். சாப்பாடு இறங்கவில்லை, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது, எதிலும் பிடிப்பில்லை என்பதெல்லாம் இரண்டு வாரம் தொடர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம். அதற்காக எல்லா வலியையும் மனசின் தலையில் கட்டிவிடாதீர்கள். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றினால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும்!

கோயிலுக்குப் போகாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொடைவிழாவுக்குப் போகட்டும், திருநீறு பூசட்டும், மாத்திரையும் போடட்டும். ஆனால் சங்கிலி கூடாது. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கனமான பேச்சு. 'செத்துப்போனால் தேவலை' என்று ஒருத்தி சொன்னால் 'சும்மா இரு, அப்படிச் சொல்லாதே' என்று வாயை அடைக்கிறோம். 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பாரம்தான் இறங்கும். தனியாக விடாதீர்கள். வீட்டில் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்கவும் வேண்டாம். 2017 மனநலச் சட்டம் உயிரை விட முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதுகிறது; தண்டிக்கச் சொல்லவில்லை, சிகிச்சை தரச் சொல்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் போடலாம். காசில்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

அப்புறம், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு என்றைக்கு வருகிறார் என்று கேட்டு, குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். யார் கூடப் போவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தனியாகப் போகச் சொன்னால் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிடுவார்கள்.

சரி, இனி நீங்கள் கேளுங்கள். முதல் கேள்வி எனக்கே தெரியும்: 'மாத்திரை பழகிவிடாதா?' மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை போதைபோலப் பழகாது. தூக்க மாத்திரை சங்கதி வேறு. மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்ய ஆரம்பிக்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். பத்தே நாளில் 'ஒண்ணும் கேக்கலியே' என்று நிறுத்துகிறவர்கள்தான் இங்கே அதிகம். குணமான பிறகும் டாக்டரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.