எம்ஜிபி ரோட்ஸ்டர்: எந்த ஆண்டு வண்டி, எங்கே துரு?

[காட்சி: துணிக்கூரை மடக்கப்பட்ட எம்ஜிபி, பக்கவாட்டில்]

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி, ரோட்ஸ்டர் எனப்படும் துணிக்கூரை வகையோடு கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்தால், 5 லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியான ஸ்போர்ட்ஸ் கார். பதினெட்டு ஆண்டுகளில் அதன் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை; உள்ளே மாறியவை பல. ஆகவே பழைய வண்டி ஒன்றை வாங்க முனைபவர், அது எந்தக் காலத்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் பம்பரைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். 1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் குரோம் பம்பருக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. வண்டியின் உயரமும் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடியது. ஆனால் பம்பரையும் கிரில்லையும் யாரும் மாற்றிவிடலாம். ரப்பர் பம்பர் வண்டிக்குக் குரோம் பம்பர் பொருத்துவதில் தவறில்லை. அதை 1960களின் வண்டி என்று சொல்லி விற்பதுதான் தவறு. இருக்கைகளுக்குப் பின்னால் தரைப்பலகையைத் திறந்து பாருங்கள்: பழைய வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருந்தன, ரப்பர் பம்பர் வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றுதான்.

[காட்சி: சேசிஸ் எண் தகடு, அண்மைக் காட்சி]

இதைவிட நம்பத்தக்கது சேசிஸ் எண். 'ஜிஹெச்என்' என்று தொடங்கினால், 'ஜி' எம்ஜியையும், 'ஹெச்' எஞ்சினின் கொள்ளளவு வகையையும், 'என்' இரு இருக்கைத் திறந்த உடலையும் குறிக்கும். அடுத்து வரும் 3 என்பது 1967 வரையிலான வண்டி, 4 என்பது 1969 வரை, 5 என்பது அதற்குப் பின். தகட்டையும் மாற்றலாமே என்று நீங்கள் ஐயப்படுவது நியாயம்தான். அப்படியானால் உடலையே பாருங்கள். 1967-இல் முதல் கியருக்கும் சின்க்ரோமெஷ் (கியர் உராயாமல் விழ உதவும் அமைப்பு) கொண்ட புதிய கியர்பாக்ஸுக்காகத் தரையின் நடுமேடு அகலமாக்கப்பட்டது. உடலோடு வெல்டிங் செய்யப்பட்ட அந்த மேட்டை யாரும் எளிதில் மாற்றுவதில்லை. கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பதிவேட்டின்படி சான்றிதழ் தருகிறது. எஞ்சின் எண்ணையும் மூல நிறத்தையும் அதோடு ஒப்பிடலாம்.

[காட்சி: கதவுக்குக் கீழுள்ள பகுதியின் குறுக்குவெட்டு வரைபடம்]

இனி மீட்டெடுக்கும் வேலை. எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கூரையும் இல்லாததால், வண்டி நடுவில் தொய்யாமல் காப்பவை, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' எனப்படும் பெட்டிப் பகுதிகளே. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என மூன்று அடுக்குகளுக்குள் ஈரம் தங்கி, உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளித்தகட்டின் இரு முனைகளும் முன், பின் மட்கார்டுகளுக்குள் மறைந்திருப்பதால், கண்ணில் படும் இடத்தில் மட்டும் ஒட்டுத்தகடு வைத்துப் பட்டி பூசிப் பளபளப்பாக்கிய வண்டிகள் நிறைய உண்டு. ஜாக்கியில் தூக்கும்போது கதவு இறுகினால், சில் வலுவிழந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முறையாகச் செய்பவர் முன் மட்கார்டை போல்ட் கழற்றி எடுத்து, பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித்தான் மூன்று அடுக்குகளையும் மாற்றுவார். வெட்டும் முன் வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பியை வெல்டிங் செய்து, ஒரு பக்கம் முடிந்தபின்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் உடல் கோணிய நிலையிலேயே நிலைத்துவிடும். துரு எல்லை மீறியிருந்தால், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல், தகடுகளை வடிவமைக்கும் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய முழு உடல்களைத் தயாரித்தது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

1798 சிசி எஞ்சின் எளிமையானது. உதிரிப் பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்பக் கடினமாக்கப்பட்ட வால்வு இருக்கைகளை (எஞ்சின் வால்வு மூடும்போது அமரும் வளையங்கள்) போட்டுக்கொள்வது நல்லது. 1967-க்கு முந்தைய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்ததால், இன்றைய ரேடியோவை அப்படியே இணைத்தால் அது கருகும். துணிக்கூரையைக் கடைசியில், கதவுகளும் முன் கண்ணாடிச் சட்டமும் சரியாக அமர்ந்தபின், வினைல் இளகி நீளக்கூடிய வெப்பமான நாளில் பொருத்துங்கள்.